தரையில் விழாத மரச்சுருள்

கிட்ட வந்து உட்காருங்க. தணிகாசலம் பண்ணின கூத்தை உரக்கச் சொல்ல முடியாது.

மரம் கடைகிற நாங்கள் மாதம் ஒருநாள் சங்கத் தலைவர் வீட்டில் கூடி, செய்ததைக் காட்டி, உளி பிடிக்கும் பக்குவத்தைச் சொல்லிக்கொள்வோம். தலைவர் தணிகாசலத்துக்கோ குற்றம் சொல்வதே வேலை. புதிதாகச் சேர வந்த அஞ்சலையிடம், "ஒரு கிண்ணம் கடைந்து காட்டு. என் புது டைல்ஸ் தரையில் ஒரு மரச்சுருள் விழுந்தாலும் உனக்குச் சங்கத்தில் இடமில்லை" என்றார்.

சுருள் பறக்காமல் மரம் கடைய முடியுமா? எங்களுக்குத் தலைவலியே வந்துவிட்டது.

அவளோ, "சரிங்க தலைவரே. எதிர்ல நாற்காலி போட்டு, நீங்களே தரையைப் பாத்துக்குங்க" என்றாள்.

உட்கார்ந்தார். கடைசல் இயந்திரத்தில் மரம் சுழன்றது. அஞ்சலை உளியை லேசாகச் சாய்த்தாள். சுருளெல்லாம் நேரே பறந்து அவர் மடியில், மீசையில், தலையில் குவிந்தது. "ஏய், நிறுத்து!" என்று எழப்போனார்.

"அசையாதீங்க தலைவரே, தரையில விழுந்துடும்!" என்றபடி, உளியை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள்.