எட்டாவது அடி

ஒரு ஊரில் ஒரு சலங்கை இருந்தது. நத்தக்கரைப்பட்டி ஒயிலாட்டக் குழுவின் தகரப்பெட்டிதான் அதற்கு வீடு. பொருள்கள் பேசுவது அந்த ஊரில் யாருக்கும் அதிசயமில்லை. மனிதர்கள் பேச்சை நிறுத்தினால்தான் அதிசயம்.

பங்குனிப் பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது குழுத்தலைவர் ஒச்சப்பன் டவுனிலிருந்து இரண்டு சாமான் வாங்கிவந்தார். ஒன்று, ஆட்டக்காரர் இருபது பேருக்கும் புதுச் சலங்கைகள். இன்னொன்று, இருபதடி நீள ஃப்ளெக்ஸ் பேனர்.

விரித்துப் போட்டதும் பேனர் தொண்டையைக் கனைத்துக்கொண்டது. மை வாடை இன்னும் போகவில்லை.

"எண்ணூறு ஆண்டுப் பாரம்பரியம்" என்று ஆரம்பித்தது. "பாண்டிய மன்னரே எழுந்து நின்று கைதட்டிய ஆட்டம். எட்டாவது அடிதோறும் குனிந்து பூமாதேவியை வணங்கும் அபூர்வக் கலை."

ஒச்சப்பன் மீசையைத் தடவிக்கொண்டார். எழுதிக்கொடுத்தவரே அவர்தான், ஆனாலும் அடுத்தவர் வாயால் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பழைய சலங்கைக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிற நிலையில்தான் அது இல்லை. புதுசு வந்தாயிற்று, இந்தத் திருவிழாவில் தன்னை யாரும் கட்டப்போவதில்லை என்று தெரிந்துபோயிற்று. அதற்கு வேண்டியதெல்லாம் ஒரு கால். இறுகக் கட்டிக்கொண்டு குதிக்க, ஒரே ஒரு கால்.

"நீ பொறந்து எத்தன நாளாச்சு?" என்று பேனரைக் கேட்டது.

"நேத்து சாயங்காலம்" என்றது பேனர், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

"அதான் எண்ணூறு வருசம் ஞாபகம் இருக்கு. எனக்கு அறுபதுதான் இருக்கு" என்ற சலங்கை, தலைவர் பக்கம் திரும்பியது. "ஒச்சப்பா, ஒன் தாத்தன் கால்ல கெடந்தது நான். கேளு. அறுபது வருசத்துக்கு முந்தி இதே பொங்கலுக்குப் பக்கத்து ஊரு செட்டுதான் ஆட வந்துச்சு. முதப் பந்தியில எல போடலன்னு கோவிச்சுக்கிட்டு ஆடாமயே போயிட்டானுக. ஒன் தாத்தன் வீம்புக்கு ஆறு பேரக் கூட்டிக்கிட்டாரு. வண்டிமாட்டுக் கழுத்துல கெடந்த என்ன அவுத்துக் கால்ல கட்டுனாரு. தலத்துண்ட உருவி வீசுனாரு. அம்புட்டுத்தான் ஆட்டம்."

"வாயை மூடு, மானம் போகுது" என்று பெட்டிக்குள்ளிருந்து, ஆட்டத்தில் வீசுகிற பட்டுக் கைக்குட்டை கிசுகிசுத்தது.

சலங்கை நிறுத்தவில்லை. "மாட்டுக் கழுத்து அளவு மனுசக் கால்ல நிக்குமா? எட்டு அடிக்கொரு தரம் நழுவுனேன். அவரு குனிஞ்சு ஏத்திவிட்டாரு. பின்னால நின்ன ஆறு பேரும் அதான் ஆட்டம்னு குனிஞ்சாங்க. பூமாதேவியும் இல்ல, பாண்டியரும் இல்ல. புதுச் சலங்கை கச்சிதமா நிக்கும், குனியிற வேலையே இருக்காது. என்னக் கட்டுனாத்தான் அந்தக் குனிவுக்கு அர்த்தம். இந்த ஒரு தடவ கட்டிக்கப்பா."

கேட்கவே பாவமாக இருந்தது. ஒச்சப்பனுக்கோ முகம் தொங்கிப்போயிற்று.

"மாட்டுச் சலங்கையா?" என்றார் மெதுவாக. "வெளிய தெரிஞ்சா பக்கத்து ஊருக்காரன் காறித் துப்புவானே."

"மாடுன்னா நந்தி, தலைவரே" என்றது பேனர். "இத மொதல்லயே சொல்லியிருந்தா ரெண்டாயிரம் வருசம்னு போட்டிருக்கலாம்."

ஒச்சப்பன் முகம் மறுபடி மலர்ந்தது. பேனரைச் சுருட்டிக்கொண்டு திருத்தி அடிக்க அன்றைக்கே டவுனுக்குக் கிளம்பிவிட்டார்.

திருவிழாவன்று மேடை ஓரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்திருந்தார்கள். உள்ளே சிவப்புப் பட்டின்மேல் பழைய சலங்கை. ஒவ்வொரு மணியின் வாயிலும் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்திருந்தார்கள். ஊரே வரிசையில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"அண்ணே, இதக் கால்ல கட்டி ஒரு சுத்து ஆடுனா என்ன?" என்று ஆட்டக்காரர் ஒருவர் கேட்டுவைத்தார்.

"சாமி பொருளய்யா" என்று சீறினார் ஒச்சப்பன். "கால்ல படலாமா?"

தவில் முழங்கியது. ஆட்டம் தொடங்கியது. எட்டாவது அடியில் இருபது பேரும் ஒன்றாகக் குனிந்து, நழுவாத சலங்கைகளை ஏற்றிவிட்டார்கள். கூட்டம் கைதட்டியது.

கண்ணாடிக்குள்ளிருந்து பழைய சலங்கை ஏதோ சொல்லப் பார்த்தது. வாய் நிறையச் சந்தனம்.