புல் வராத இடம்

"அம்மா, நீங்க கொடுத்தது செத்த இடம். புல் பிடிக்கவே மாட்டேங்குது."

தணிகாசலம் மண்வெட்டியை ஊன்றியபடி நின்றார்.

ஆசியா பேகம் செம்பருத்தியில் காய்ந்த கிளையை வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"தோண்டினப்ப மண்புழு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்ப உயிரோடதான் இருக்கு."

"பின்னே ஏன் வரல?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

தர்பார் பூங்கா மன்னர் காலத்தது. நீரூற்று வறண்டு, முள் மண்டி, ஆடு மேயும் காடாகக் கிடந்தது. அதைப் பழையபடி ஆக்கும் பொறுப்பு ஆசியா பேகத்திடம் வந்ததும், வேலை கற்றுக்கொள்ள ஆட்கள் தேடி வந்தார்கள். யார் வந்தாலும் முதலில் ஒரு துண்டுத் தரையைத்தான் கொடுப்பார். அதைச் சரியாக்கினால் அடுத்தது.

தணிகாசலம் அவரைவிட வயதில் மூத்தவர். மின்வாரியத்தில் இருந்தவர். போன வருஷம் கம்பத்தில் ஏறியபோது மின்சாரம் தாக்கி, எதிரே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் மல்லாந்து கிடந்தார். தீக்காயப் பிரிவுக்குள் வீட்டு ஆட்களைக்கூட விடமாட்டார்கள். ஜன்னல் வழியே அவருக்குத் தெரிந்தது இந்தப் பூங்காவின் மர உச்சிகள் மட்டும்தான்.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் நேரே இங்கே வந்தார்.

"அந்தப் பச்சைதாம்மா என்னைப் பிழைக்க வெச்சுது. இதுக்கு நான் ஏதாவது செய்யணும். நீரூத்தைச் சுத்தி ரோஜா வைக்கறேன். என் கையால."

ஆசியா பேகம் அவரைத் தெற்குப் பக்கப் புல்வெளிக்குக் கூட்டிப்போனார். நாலு பாய் விரித்த அளவுக்கு ஒரு இடம் மொட்டையாகக் கிடந்தது.

"இங்க புல் வரட்டும். அப்புறம் ரோஜா."

அவர் கொத்தினார். மணல் கலந்தார். எரு போட்டார். புல் பதித்தார். தளிர் விடும், சில நாளில் நசுங்கிப் பழுத்துவிடும். மறுபடி பதித்தார்.

களை பறிக்கும் செல்லக்கனி ஒரு நாள் நின்று பார்த்தாள்.

"மேலயும் வழுக்கை, கீழயும் வழுக்கை. எதுக்கு மொதல்ல மருந்து போடறீங்கய்யா?"

"உன் வேலையைப் பாரு தாயி," என்றார். ஆனால் சிரிப்பு வந்துவிட்டது.

பூங்காவின் திறப்பு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. ரோஜாவை இப்போதே நட்டால்தான் விழாவுக்குப் பூக்கும். சுற்றிலும் கழி நட்டுக் கயிறு கட்டினார். காலையில் வந்து பார்த்தால் கயிறு தொய்ந்து கிடந்தது. புல்லில் செருப்புத் தடம்.

"யாரோ வேணும்னே மிதிக்கறாங்கம்மா. முள்கம்பி கொடுங்க. கட்டிடறேன்."

ஆசியா பேகம் கத்தரியை மடக்கிப் பையில் போட்டார்.

"நீங்க எப்ப வர்றீங்க?"

"விடியறப்ப. வெயில் ஏறினா கிளம்பிடுவேன். செடிக்கு அதுதானே நேரம்?"

"செடிக்கு அதுதான். இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் இருங்க. அப்பவும் வேணும்னா முள்கம்பி தர்றேன்."

இருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கும் வீட்டுக்குப் போகவில்லை.

வெயில் சாய்ந்ததும் தெற்கு வாசல் வழியாக ஆட்கள் வந்தார்கள். யாரும் பூவைப் பார்க்கவில்லை, பெஞ்சைத் தேடவில்லை. நேராக வந்து கயிற்றைத் தாண்டினார்கள்.

"ஏங்க! கயிறு கட்டியிருக்கறது கண்ணுக்குத் தெரியலையா?"

"ஒரு நிமிஷம் சார்," என்றான் ஒருவன். தலையைத் திருப்பவில்லை. எல்லா முகமும் மேல்நோக்கி இருந்தது.

தணிகாசலமும் பார்த்தார். வேறெங்கும் மரங்கள் மறைத்தன. இந்த இடத்துக்கு நேரே மட்டும் கிளைகள் விலகி, ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி தெரிந்தது.

ஒரு பெண் கைக்குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். மேலே ஒரு ஜன்னலில் வெள்ளைக் கட்டுப் போட்ட கை ஒன்று மெல்ல அசைந்தது.

"பார்த்துட்டாரு, பார்த்துட்டாரு," என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம்.

தணிகாசலம் ஆசியா பேகத்திடம் திரும்பி வந்தார்.

"பாவம்தாம்மா. ஆனா இவங்களுக்கு வேற இடம் ஒதுக்கலாமே. புல்லு என்ன பண்ணுச்சு?"

ஆசியா பேகம் வாசலைப் பார்த்து, "வாங்க பூரணிம்மா. பார்த்து ரொம்ப நாளாச்சு," என்றார்.

தணிகாசலத்தின் மனைவி டிபன் கேரியரோடு வந்துகொண்டிருந்தாள்.

"சௌக்கியமாம்மா?" என்று அவரைக் கேட்டுவிட்டுக் கணவனிடம் திரும்பினாள். "மாத்திரை போட வேணாமா? சாப்பிடக்கூட வராம இங்க என்ன பண்றீங்க?"

"இருக்கட்டும். உனக்கு இவங்களை எப்படித் தெரியும்?"

பூரணி கேரியரை அவர் கையில் கொடுத்தாள். கீழே பார்க்காமலே புடவையைச் சற்றுத் தூக்கிக் கயிற்றைத் தாண்டினாள். கூட்டத்தின் ஓரத்தில் போய் நின்று அண்ணாந்தாள்.

"அதோ. கடைசி ஜன்னல்."

"அது என் வார்டு."

"தெரியும்."

"நீ இங்கயா வந்து நின்னே?"

"உள்ள விடலையே. தினமும் வந்தேன்."

"நான் மல்லாந்து கிடந்தேன் பூரணி. ஒரு நாள்கூட ஜன்னல்கிட்ட வந்ததில்ல."

"வரலதான்."

"அப்ப அத்தனை நாளும் யாரைப் பார்த்துட்டு நின்னே?"

"ஜன்னலை."

தணிகாசலம் கேரியரைக் கீழே வைத்தார்.

"அம்மா," என்றார் பிறகு. "இங்க புல் வேணாம்."

"அப்ப ரோஜா?"

அவர் காதில் அது விழவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அந்த மொட்டைத் தரையில் ஏறி நின்றார்.