ஏற்றாத சூடம்

அஞ்சுகத்தின் வயலுக்கு அடியில் எரிவாயுக் கம்பெனியின் குழாய் ஓடியது. மூன்று மாதமாக வயலின் சனிமூலையில் தண்ணீர் குமிழிவிட்டுக் கொப்பளித்தது. இறங்கியவர்களுக்கெல்லாம் தலை சுற்றியது. நடவு நின்றுபோனது.

கம்பெனி மேலாளர் பரசுராமன் தாசில்தாரை அழைத்துக்கொண்டு வரப்புக்கு வந்தார்.

"கசிவே கிடையாது. எல்லாம் சோம்பேறித்தனம். இப்பவே நடவு போடு. இல்லன்னா தரிசுன்னு எழுதி நிலத்தைக் கம்பெனி எடுத்துக்கும்."

அஞ்சுகத்துக்கு இருப்பதே அந்த ஒரு வயல்தான். சேலையை இழுத்துச் செருகினாள்.

"நட்டுடலாங்கய்யா. முதல் நாத்து வைக்கிறதுக்கு முன்னாடி சனிமூலையில சூடம் ஏத்தணும். நடச் சொன்னவங்க கையாலதான் ஏத்தணும். எங்க ஊரு வழக்கம்."

"அவ்வளவுதானே?" பரசுராமன் மிடுக்காக நடந்து மூலையில் போய் நின்றார்.

அஞ்சுகம் வாழையிலையில் சூடத்தை வைத்து, தீப்பெட்டியை அவர் கையில் கொடுத்தாள். அப்போதுதான் அவர் குனிந்து பார்த்தார். காலடியில் குமிழிகள் கொப்பளித்தன. தீப்பெட்டியை வீசி எறிந்துவிட்டுப் பின்வாங்கினார்.

"யாரும் கொளுத்தாதீங்க! குப்புனு பத்திக்கும்! தள்ளிப் போங்க!"

"கசிவே இல்லாத வயல்ல எதுங்கய்யா பத்திக்கும்?" என்றாள் அஞ்சுகம். "தாசில்தார் ஐயா, இவரு சொன்னத அப்படியே எழுதிக்குங்க."

தாசில்தார் எழுதினார். பிறகு காலருகே கிடந்த தீப்பெட்டியை எடுத்துத் திறந்தார். ஒரு குச்சிகூட இல்லை.

"காலிப் பெட்டியாம்மா கொடுத்தே?"

"ஆமாங்கய்யா. அடுத்தவன் உசுரு போனா போகட்டும்னு இருக்க, நாங்க என்ன கம்பெனியா?"