வெட்டிப்போட்ட புல்

கோவையில் ஒரு வீட்டின் முன்னால் சின்னதாக ஒரு புல்தரை இருந்தது. அந்த வீட்டு வசுமதி அதையும் வாசலாகவே நினைத்தாள். புல் வெட்டி முடிந்த கையோடு விளக்குமாற்றை எடுத்து, நறுக்குண்ட நுனி ஒன்றுகூட மிச்சமில்லாமல் கூட்டி அள்ளி வெளியே கொட்டிவிடுவாள். வீட்டு முன்னால் குப்பை கிடந்தால் மகாலட்சுமி எப்படி வருவாள்?

மகாலட்சுமி வந்தாளோ இல்லையோ, புல் மஞ்சளாகிக்கொண்டே வந்தது.

"ஏனுங்க, இது தேறாது போலிருக்குங்க" என்றாள் கணவரிடம்.

"தீபாவளி கழிச்சுக் கொத்திப்போட்டுட்டு சிமெண்ட் கல் பதிச்சரலாம். ஆள் சொல்லிட்டேன்" என்றார் அருணகிரி.

இதைக் கேட்ட புல், "என்னைக் காப்பாற்று" என்று மண்ணிடம் கெஞ்சியது.

"நானே பட்டினி கிடக்கிறேன். உனக்கு எதைக் கொடுப்பேன்?" என்றது மண்.

அடுத்த ஞாயிறு அருணகிரி புல் வெட்டும் எந்திரத்தை ஓட்டினார். அன்று பார்த்து வசுமதிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அருணகிரியோ விளக்குமாற்றைத் தொட்டால் ஆண்மைக்கு இழுக்கு என்று நம்பும் பரம்பரை. வெட்டிய நுனிகள் அப்படியே கிடந்தன.

"மூலையில் சும்மா நிற்கிறாயே, இந்தச் செத்ததுகளை என் தலையிலிருந்து எடு" என்று விளக்குமாற்றிடம் எரிந்து விழுந்தது புல்.

"பிடிக்கக் கை இல்லாமல் நான் என்ன செய்ய?" என்றது விளக்குமாறு.

நுனிகள் மெல்லச் சொல்லின. "காலைவரை உன் உச்சியில் இருந்தவர்கள்தான் நாங்கள். தங்க வரவில்லை. வழி விட்டால் கீழே போய்விடுவோம்."

வெயிலில் நுனிகள் சுருங்கின. புல்தாள்களின் இடுக்கு வழியாக நழுவி இறங்கின. மழை பெய்தது. மண் அவற்றை ஆவலோடு வாங்கிக்கொண்டது. வசுமதியின் இடுப்பு வலி விடாததால், அடுத்தடுத்த வாரங்களில் விழுந்தவையும் அவ்வாறே போய்ச் சேர்ந்தன.

தீபாவளி கழிந்து கல் பதிப்பவர் வந்தபோது தரை பச்சென்று இருந்தது.

"கல்லு வேண்டாங்க, புல்லு பொழச்சுக்கிச்சு" என்று வசுமதி அவரை அனுப்பிவைத்தாள்.

"எல்லாம் நான் தண்ணி விட்டதுதான்" என்றார் அருணகிரி. உண்மையில் அவர் செய்த ஒரே உதவி, ஒன்றும் செய்யாமல் இருந்ததுதான்.

"யார் எனக்குச் சோறு போட்டது?" என்று புல் மண்ணைக் கேட்டது.

"நீ யாரை அள்ளிக்கொண்டு போகச் சொன்னாயோ, அவர்கள்தான்."

புல்லுக்கு வெட்கமாக இருந்தது. அழக்கூடத் தோன்றியது.

மறுவாரம் எந்திரம் ஓடி முடிந்ததும், இடுப்பு தேறிய வசுமதி விளக்குமாற்றோடு வந்தாள். ஓரத்தில் திட்டாகக் குவிந்திருந்ததைத் தள்ளினாள். அடியில் பழைய நுனிகள் பாதி மண்ணாகியிருந்தன. அவற்றினூடே இளம்பச்சை முளை. கொஞ்ச நேரம் குனிந்தபடியே பார்த்தாள். பிறகு குவியலை அள்ளாமல் தரை முழுக்கப் பரப்பிவிட்டாள். யாரையும் வெளியே துரத்தாமல் வேலை முடிந்ததில் விளக்குமாறு திகைத்துப்போனது.

ஈரம் காயாத நுனிகள் மேலே வந்து விழுந்தன. புல் தன் தாள்களை விலக்கிக்கொண்டது.

"வாருங்கள், வழி இருக்கிறது."