மீசைக்கு வந்த தொகைக் கணக்கு

மன்னர் கடம்பமாறனின் சபையில் கூத்தபிரான் என்றொரு விகடன் இருந்தான். அவனுக்குச் சொத்து, சுகம், பெருமை எல்லாமே அவன் மீசைதான். அதைப் பார்த்தாலே கணித பண்டிதர் பிங்கலருக்கு வயிறு எரியும். அவர் மீசையும் பெரிசுதான். ஆனால் யாரும் கண்டுகொள்வதில்லை, பாவம்!

ஒருநாள் பண்டிதர் சபை நடுவே மணலைப் பரப்பினார். குறுக்கே கயிற்றை இழுத்து, இரு முனையிலும் முளை அடித்தார். கயிற்றுக்கு மேலே ஏறி இறங்கி, பிறகு கீழே விழுந்து, மறுபடி கயிற்றுக்கே திரும்பும்படி ஒரு கோடு கிழித்தார்.

"மன்னா! இந்த முளை முதல் அந்த முளை வரை, கோட்டுக்கும் கயிற்றுக்கும் நடுவில் உள்ள பரப்பின் தொகை வேண்டும். கயிற்றுக்கு மேலே இருப்பதைக் கூட்டணும், கீழே இருப்பதைக் கழிக்கணும். நூல் கனத்துக்குக் கீற்றுக் கீற்றாக நறுக்கி, ஆறு மாதம் நான் போட்ட கணக்கு இது. கூத்தபிரான் இப்போதே சொல்லட்டும். தோற்றவர் மீசையை மழித்துவிட வேண்டும்!"

மன்னருக்கு வேடிக்கை என்றால் உயிர். "ஆகட்டும்!" என்றார். நாவிதரும் கத்தியோடு வந்து நின்றார். கூத்தபிரான் மீசையைத் தடவிக்கொண்டே மணலைச் சுற்றி வந்தான். சட்டென்று நின்றான்.

"பண்டிதரே, மேலே இருப்பது முக்கோணம்தானே?"

"கண் தெரியவில்லையா உனக்கு?"

"நன்றாகவே தெரிகிறது. அடி எட்டு முழம், உயரம் மூன்று முழம். பெருக்கிப் பாதியாக்கினால் பன்னிரண்டு. கீழே இருப்பது நீள்சதுரம். நீளம் நான்கு, ஆழம் மூன்று. அதுவும் பன்னிரண்டு. பன்னிரண்டில் பன்னிரண்டு போனால் பூஜ்யம்! இதற்கா ஐயா ஆறு மாதம் நறுக்கினீர்கள்?"

பண்டிதர் முகம் வெளுத்தது. "எனக்கும் பூஜ்யம்தான் வந்தது" என்று முனகினார்.

நாவிதர் அவர் பக்கம் திரும்பினார். பண்டிதர் பதறிப்போய் மீசையைப் பிடித்து இழுத்ததில் ஒரு முனை மேலே நின்றது, மறுமுனை கீழே தொங்கியது. கண்ணில் நீர் முட்டியது. கூத்தபிரானுக்கே பரிதாபமாகிவிட்டது. மீசை போகிற பயம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாதா?

"நிறுத்துங்கள்!" என்றான்.

"ஏன்? பந்தயம் பந்தயம்தானே?" என்றார் மன்னர்.

"மன்னா, அவர் மீசையை நன்றாகப் பாருங்கள். பாதி மேலே, பாதி கீழே. அவர் கணக்குப்படியே கூட்டிக் கழித்தால் பூஜ்யம். இல்லாத மீசையை நாவிதர் எப்படி மழிப்பார்?"