உச்சியில் ஒரு விரிசல்

"எவனோ ஒரு படுபாவி என் கூரையைக் கெடுத்துட்டான், டீச்சரம்மா!"

கொம்பையா வாசலில் நின்றே கத்தினார். பேராச்சி டீச்சரிடம் கல் வளைவு கட்டக் கற்றுக்கொண்டவர். டீச்சரைவிட வயதில் மூத்தவர். கோபத்தில் அதைவிட மூத்தவர்.

"எவன்?"

"அதான் தெரியலையே! கல் கொடுத்தவனா, கம்பி கொடுத்தவனா, கண்ணு வெச்சவனா? மேலே ஏறிப் பாத்தேன். உச்சியில விரிசல். வெள்ளிக்கிழமை அதுக்குக் கீழதான் என் மவ கல்யாணம்."

பேராச்சி செருப்பை மாட்டினாள்.

கொம்பையா கட்டிய கல்யாண மண்டபத்தில் கல் வளைவு சுவருக்குச் சுவர் கவிந்திருந்தது. சுவர்கள் விலகாமல் இழுத்துப் பிடிக்கக் குறுக்கே எஃகுக் கம்பிகள்.

கொம்பையா ஒரு கம்பியைச் சுத்தியலால் தட்டினார்.

டொக்.

"கேட்டியளா? செத்த சத்தம். கல்லு சுவத்தைத் தள்ளும், கம்பி இழுத்துப் பிடிக்கும்னு சொன்னியள்லா? இது சும்மால்லா தொங்குது!"

"கல்லு தள்ளினாத்தானே கம்பி இழுக்கும்."

"இம்புட்டுக் கனம் தள்ளாமலா இருக்கு?"

கொம்பையாவுக்குப் புரியவில்லை. நல்ல கல். நல்ல கம்பி. இரண்டையும் தட்டிப் பார்த்து, சண்டை போட்டு, அவரே பொறுக்கியது. பிறகு எங்கேதான் தப்பு?

பேராச்சி மேலே பார்க்கவில்லை.

நடு மண்டபத்தில் சரிகைத் துணி சுற்றிய தூண் ஒன்று நின்றது. துணியை விலக்கினாள். உள்ளே சவுக்கு மரம். கூரையின் உச்சிக்கு நேர் கீழே, அடியில் ஆப்பு வைத்து இறுக்கியிருந்தது.

"இது என்ன அண்ணாச்சி?"

"அது... முட்டு. சாரமெல்லாம் பிரிச்சாச்சு. இது ஒண்ணு மட்டும் கெடக்கட்டும்னு..."

"எதுக்கு?"

"கல்லை நம்பலாம். கம்பியையும் நம்பலாம். ஆனா மவ கல்யாணம்லா!"

"விரிசல் எங்கே?"

கொம்பையா அண்ணாந்தார். முட்டுக்கு நேர் மேலே.

"தாங்கிப் பிடிச்ச இடத்துலயா உடையும், டீச்சரம்மா?"

"வளைவு முழுக்க இறங்கினாத்தான் கல்லு சுவத்தைத் தள்ளும். உச்சியை மட்டும் முட்டு இறங்க விடலை, அதான் அங்கயே வெடிச்சிருக்கு."

பேராச்சி மணவறைப் பலகையை இழுத்து, விரிசலுக்கு நேர் கீழே போட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"எந்திரிங்க டீச்சரம்மா! விழுந்து தொலைச்சா?"

அவள் அவர் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தாள். பிறகு ஆப்பைப் பார்த்தாள்.

"அந்தப் படுபாவியை வரச் சொல்லுங்க அண்ணாச்சி. மெல்லத் தட்டி எடுக்கட்டும்."