அண்ணாச்சியின் மீசையும் ஐம்பது தோட்டா உறையும்

இசக்கியப்பன் அண்ணாச்சி மீசையின் வலது முனையைத் திருகினால் சின்னக் கதை. இடது முனையைத் திருகினால் பெரிய கதை. அன்றைக்கு இரண்டு கையும் மீசைக்குப் போயிற்று.

எங்கள் ரைபிள் கிளப்பின் தோட்டா அறை அவர் பொறுப்பு. சுட்ட தோட்டாவின் பித்தளை உறையை நாங்கள் தூக்கிப்போடுவதில்லை. மறுபடி மருந்து போட்டுச் சுடுவோம். சுடச் சுட உறை மயிரிழை மயிரிழையாக நீளும். நீண்டதை வெட்டாமல் விட்டால் துப்பாக்கிக்குள் முட்டி, குண்டை இறுக்கிப் பிடித்து, சுடுகிறவர் முகத்துக்கே ஆபத்து. மறுநாள் மாநிலத் தேர்வுப் போட்டிக்குப் போகிற பி.டி. டீச்சர் ஜெபராணி, தன் ஐம்பது உறைகளை வாங்க வந்தவர், நேராக நீளம் அளக்கும் வெர்னியரைக் கையில் எடுத்தார்.

அண்ணாச்சிக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது.

"நான் வெட்டுனதையா அளக்கப் போறீய? இதுல ஒண்ணு கூடுதலா இருந்தா மீசையை இங்கனயே எடுத்துருதேன்!"

"சரி" என்று டீச்சர் முதல் உறையை அளந்து மேசையில் வைத்தார்.

"பட்டாளத்துல நான் வெர்னியரையே தொட்டது கிடையாது. கண்ணை மூடிக்கிட்டு நாக்கு நுனியில உறையை வைப்பேன், அளவு வந்துரும். கர்னலே ஓடி வருவாரு. 'இசக்கி பாய், வெர்னியர் கராப் ஹோகயா! ஜல்தி நாக்கு தேதோ!' வெர்னியர் கெட்டுப்போச்சாம், சீக்கிரம் நாக்கைக் குடுக்கணுமாம்."

"கர்னலுக்கு நாக்குன்னா தெரியுமா?" என்றேன்.

"எனக்காகத் தமிழ் படிச்சாருல்லா."

டீச்சர் கையில் பதினோராவது உறை.

"ராஜஸ்தான்ல ஒரே உறையை முன்னூறு தடவை சுட்டேன், வெட்டாமலே! அது நீண்டு, துப்பாக்கிக் குழாயை விட்டு வெளிய வந்து, மணல்ல ஒரு மேடு ஏறி இறங்கி, கடைசியில குறிப்பலகையையே தொட்டுட்டு. குண்டு நடுப்புள்ளியில போய் உக்காந்திருக்கு. பத்துக்குப் பத்து!"

"சுடாமலேயா?" டீச்சர் நிமிரவில்லை.

"கர்னல் தூங்குதாரு. சத்தம் போட்டு எழுப்பலாமா?"

முப்பதாவது உறை.

"அதை வெட்டணும்லா? இந்த முனையில நான் கைப்பிடியைச் சுத்துதேன், முன்னூறு கஜத்துக்கு அங்கிட்டு சீவல் விழுது. மூணு நாள்! அந்தச் சீவலை அள்ளி ரெஜிமெண்டுக்கே அண்டா வார்த்தோம். மிச்சத்துல கர்னல் மக கல்யாணத்துக்கு ஆள் உசரத்துக்குக் குத்துவிளக்கு."

"வடக்கத்திக் கல்யாணத்துல குத்துவிளக்கா?"

"சும்மாவா அவரு தமிழ் படிச்சாரு?"

டீச்சர் வெர்னியரைக் கீழே வைத்தார். "அண்ணாச்சி, ஐம்பதும் கூடுதல்."

அண்ணாச்சி ஓர் உறையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இருக்காது! காலையில சரியா இருந்துச்சே. வளந்திருக்கு டீச்சர்! என் கைராசி அப்படி."

"அச்சுல அமுக்குறதுக்கு முன்ன வெட்டினீங்களா, பின்னயா?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

சுட்டு உப்பின உறையை அச்சில் அமுக்கிப் பழைய உருவத்துக்குக் கொண்டுவரும்போது அதன் கழுத்து நீளும். ஆகவே அமுக்கிவிட்டுத்தான் வெட்டணும். அண்ணாச்சி காலையில் வெட்டினார், மத்தியானம் அமுக்கினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். எப்படியும் டீச்சர் அளப்பார் என்று தெரியும். அதனால் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் இந்தக் குத்துவிளக்குக் கதை கிடைத்திருக்குமா?

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "மீசை என்ன டீச்சர், பெரிய மீசை! போன தடவை எடுத்தப்ப, பிளேடைக் கழுவிட்டு நிமிருததுக்குள்ள முளைச்சு, ரெண்டு காதையும் சுத்தி, பின்னாடி முடிச்சே போட்டுட்டு."

டீச்சர் மேசை டிராயரைத் திறந்தார். உறை வெட்டும் கருவியையும் கத்தரிக்கோலையும் அண்ணாச்சி முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டுமே வெட்ட வேண்டியதுதான். எது முன்ன, எது பின்னன்னு இந்தத் தடவையாவது யோசிச்சுச் சொல்லுங்க அண்ணாச்சி."